பழைய புல்லட்டை வீட்டிலேயே கஃபே ரேசராக மாற்றுவது: ஃபிரேமை அறுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி (ஜனவரி 7, 2024)

தாத்தாவின் 1984 மாடல் புல்லட் 350 கொட்டகையில் நிற்கிறது. பல ஆண்டுகளாக ஓடவில்லை. அதைக் கஃபே ரேசராக, அதாவது தாழ்ந்த ஹேண்டிலும் குறுகிய பின்பக்கமுமாகக் குனிந்து ஓட்டும் வண்டியாக, மாற்ற ஆசை. எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர், பின்பக்க ஃபிரேமை அறுத்து வளைந்த குழாய் ஒன்றை வெல்டிங் செய்வதுதான் முதல் வேலை என்கிறார். அறுக்காமல் கஃபே ரேசர் வராதா அண்ணா? வீட்டிலேயே எவ்வளவு தூரம் செய்யலாம்?

ஜனவரி 7, இரவு

அறுக்க விடாதீர்கள் தம்பி. புல்லட்டில் பின் மட்கார்டைத் தாங்கும் இரும்பு, ஃபிரேமோடு போல்ட்டில்தான் நிற்கிறது. ஸ்பேனர் வைத்தால் கழன்று வரும். கழற்றிய பிறகு பின்பக்கம் எவ்வளவு குறுகலாகத் தெரிகிறது என்று பாருங்கள். நீங்கள் படங்களில் பார்த்து ஆசைப்பட்ட வடிவத்தின் பாதி அங்கேயே கிடைத்துவிடும். அறுத்து ஒட்டிய குழாயின் பலம் வெல்டிங் செய்தவரின் கையைப் பொறுத்தது. போல்ட்டைத் திரும்பப் பூட்டினால் வண்டி பழையபடி ஆகிவிடும்.

ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் சேசிஸ் எண் அந்த ஃபிரேமில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த இரும்பில் ரம்பம் படுவதற்கு முன் ஆயிரம் முறை யோசிக்க வேண்டும்.

என்னுடையதும் அதே வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட். கோவையில், வீட்டு முன்தாழ்வாரத்தில் வைத்துச் செய்தேன். லேத் வேலைக்கு மட்டும் கணபதி பகுதியில் ஒரு பட்டறைக்குப் போனேன்.

ஜனவரி 9

முதல் வேலை எது என்று கேட்டிருந்தீர்கள். எஞ்சின். சீட்டும் ஹேண்டில்பாரும் கடைசி. ஓடாத வண்டிக்கு அழகான சீட் போட்டுவிட்டு ஓரம் கட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால், உடனே கிக்கரை மிதிக்காதீர்கள். இந்த எஞ்சினில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. வண்டி நெடுநாள் நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அடியிலுள்ள வடிகால் பிளக்குகளைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். வடிந்ததை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மினுமினுப்பாக உலோகத் தூள் தெரிந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும். வெறும் கரிய எண்ணெய் என்றால் நல்ல செய்தி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்திச் சுழற்றுங்கள்.

புது ஆயில் ஊற்றி எஞ்சின் ஓடத் தொடங்கியதும், சிலிண்டர் தலைக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்துங்கள். அங்கே ஆயில் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது. கசியவில்லை என்றால் எஞ்சினை அப்போதே நிறுத்துங்கள்.

ஜனவரி 10

டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி, பற்றித் தனியாகக் கேட்டீர்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் அழுத்த ஓட்டத்தின் உச்சியில் நிற்க வேண்டும். வலப்பக்கச் சிறு மூடியைத் திறந்தால் வால்வுகளை இயக்கும் புஷ்ராட் கம்பிகள் இரண்டும் தெரியும். இரண்டு விரலால் பிடித்துத் திருகினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. அந்த விரல் உணர்வு வந்துவிட்டால் மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஸ்பார்க் நேரத்தை முடிவு செய்யும் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், அதற்கு மட்டும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜனவரி 14

பொங்கல் விடுமுறையில் இதைப் படித்த சேலத்து நண்பர் ஒருவர், ஒற்றை சிலிண்டர் புல்லட் கஃபே ரேசரே ஆகாது, அசல் கஃபே ரேசர் என்றால் இரட்டை சிலிண்டர்தான் என்று எழுதியிருக்கிறார். இதை ஒப்புக்கொள்ள முடியாது.

டிரைட்டன் என்ற கலவை வண்டியை மனத்தில் வைத்துச் சொல்கிறார். டிரயம்ப் இரட்டை சிலிண்டர் எஞ்சினை நார்ட்டனின் ஃபெதர்பெட் ஃபிரேமில் உட்கார வைத்தார்கள், உண்மைதான். வடமேற்கு லண்டனில் நார்த் சர்க்குலர் சாலையில் இருக்கும் ஏஸ் கஃபே 1938இல் திறந்தது, போரில் குண்டு விழுந்து அழிந்து 1949இல் மீண்டும் கட்டப்பட்டது. அதன் வாசலில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நின்ற கஃபே ரேசர் வண்டிகளில் பிஎஸ்ஏ கோல்ட் ஸ்டாருக்குத் தனி மதிப்பு இருந்தது. அது 500 சிசி ஒற்றை சிலிண்டர்.

அதைவிட நமக்கு நெருக்கமான சான்று உண்டு. ராயல் என்ஃபீல்டு 1964இல் கான்டினென்டல் ஜிடி என்று 250 சிசி வண்டியைக் கொண்டுவந்தது. ஒற்றை சிலிண்டர், 21 குதிரைத்திறன், ஐந்து கியர், கண்ணாடியிழை டேங்க், தாழ்ந்த ஹேண்டில், பின்தள்ளிய ஃபுட்ரெஸ்ட். இளைஞர்கள் வீட்டுக் கொட்டகையில் செய்துகொண்டிருந்ததைத் தொழிற்சாலையே செய்து கொடுத்தது. அன்று இங்கிலாந்தில் பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் 250 சிசிக்கு மேல் ஓட்ட முடியாது என்பதால் அந்த அளவு. விளம்பரத்துக்காக பிரிட்டனின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஆள் மாற்றி ஆள் ஓட்டி 24 மணி நேரத்துக்குள் முடித்தார்கள்.

அந்த நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955இல் கைகோத்துத்தான் என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. இங்கிலாந்தில் அந்தப் பெயர் 1970இல் நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டே இருந்தது. தம்பியின் 1984 வண்டி அங்கே செய்ததுதான். ஆக, அதைக் கஃபே ரேசராக்க அது எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஜனவரி 15

மேலே ‘அனுமதி’ என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு சட்டம் என்ன சொல்கிறது என்று இருவர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இதைத் தட்டிக்கழிக்கிறவர்கள்தான் அதிகம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தவிர, மத்திய மோட்டார் வாகன விதி 123இன்படி மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்டும், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் இருக்க வேண்டும். சேலைக் கம்பி என்று நாம் சொல்வது அதுதான். 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒலி வரம்பு 80 டெசிபல்.

இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தால், சமூக ஊடகங்களில் வரும் ஒற்றை சீட், மட்கார்டு இல்லாத, சைலன்சரே இல்லாத வண்டி நம் சாலைக்கு ஆகாது. அதனால் என் வண்டியில் இரட்டை சீட்தான். பின்பாதியின் மேல் கூம்பு போன்ற மூடி ஒன்றை இரண்டு போல்ட்டில் பூட்டியிருக்கிறேன். கழற்றினால் மனைவி உட்காருவார். சேலைக் கம்பி, கைப்பிடி, அசல் சைலன்சர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட் மாற்றங்களை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு கை வையுங்கள்.

அறுக்காதீர்கள் என்று நான் முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பூட்டியதைக் கழற்றி வண்டியை அசல் நிலையில் நிறுத்த முடியும். அறுத்ததை முடியாது.

ஜனவரி 15, சற்று நேரம் கழித்து

மதுரை நண்பர் நினைவூட்டுகிறார்: 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். தாத்தாவின் புத்தகம் உயிரோடு இருக்கிறதா, பெயர் மாற்றம் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினுக்குச் செலவு செய்யும் முன்பே பாருங்கள்.

பிப்ரவரி 3

தம்பியின் எஞ்சின் ஓடிவிட்டது என்று செய்தி. மகிழ்ச்சி! உலோகத் தூள் இல்லையாம். தாத்தா ஆயில் மாற்றுவதில் கண்டிப்பானவராக இருந்திருக்க வேண்டும்.

கிக்கர் திருப்பி அடிக்கிறது என்கிறீர்கள். மின்னோட்டம் காட்டும் அம்மீட்டர் முள்ளைப் பாருங்கள். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெதுவாக இறக்கும்போது முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். ஓரிடத்தில் சட்டென்று நடுவுக்கு வரும், அங்கே கிக்கரும் இறுகும். இப்போது சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து ஒரு விரற்கடை மட்டும் கீழே தள்ளுங்கள். லீவரை விடுங்கள், கிக்கரை முழுவதும் மேலே வர விடுங்கள். பிறகு முழு உடல் எடையோடு ஒரே மிதி. இதில் அவசரம் காட்டுகிறவர்களைத்தான் வண்டி உதைக்கிறது.

பிப்ரவரி 11

ஹேண்டில்பார். இங்கேதான் நிறையப் பேர் இணையத்தில் பார்த்ததை வாங்கிவிட்டுக் கையைப் பிசைகிறார்கள்.

ஃபோர்க் குழாயைக் கவ்விக்கொண்டு நிற்கும் கிளிப்-ஆன் ஹேண்டில் அழகுதான். ஆனால் பழைய புல்லட்டில் ஹெட்லைட் டூம் வெறும் கூடு அல்ல. ஃபோர்க் குழாய்கள் இரண்டும் மேலே அதற்குள்தான் மரை ஏறி முடிகின்றன. முன்பக்கத்தின் மேல் தாங்கியே அதுதான். கிளிப்-ஆன் கவ்வுவதற்கு மேலே குழாய் நீட்டிக்கொண்டிருக்காது. டூமை எடுத்துவிட்டுத் தட்டையான மேல் தாங்கி ஒன்றைக் கடைந்து போட வேண்டும், ஹெட்லைட்டுக்கும் அம்மீட்டருக்கும் சாவிக்கும் வேறு இடம் பார்க்க வேண்டும். அந்தத் தாங்கியில் ஒரு சிறு கோணல் இருந்தாலும் ஃபோர்க் நேராக வேலை செய்யாது. வீட்டில் செய்யும் முதல் வண்டிக்கு இது தேவையே இல்லை.

ஏஸ் பார் என்று ஒன்று இருக்கிறது. பழைய ஹேண்டில் கவ்விய அதே இடத்தில் பூட்டலாம், அங்கிருந்து முன்னால் போய்க் கீழே இறங்கும். டூம் அப்படியே இருக்கும். இரண்டு பைலட் விளக்குகளோடு அந்த முகம் இல்லாவிட்டால் அது புல்லட்டாகவே எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதற்கு ஒரு சேர்க்கை, இது பாதுகாப்பு பற்றியது. ஹேண்டில் தாழ்ந்ததும் பழைய கேபிள்கள் நீளமாகி மடியும். கிளட்ச் கேபிள் மடிந்தால் கை வலிக்கும், அதோடு போகட்டும். ஆக்சிலரேட்டர் கேபிள் விஷயம் அப்படி அல்ல. எஞ்சினை மெதுவோட்டத்தில் விட்டு ஹேண்டிலை இடது எல்லைக்கும் வலது எல்லைக்கும் முழுவதும் திருப்புங்கள். எங்கேயாவது எஞ்சின் சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது. யூ வளைவில் வண்டி தானாகப் பாயும். கேபிள் பாதையை மாற்றிவிட்டுத்தான் தெருவுக்குப் போக வேண்டும்.

அதே சமயத்தில் கட்டைவிரலையும் பாருங்கள். முழுத் திருப்பத்தில் கைப்பிடிக்கும் டேங்குக்கும் நடுவே விரல் நசுங்கக் கூடாது. நசுங்கினால் ஹேண்டிலைச் சற்று மேலே திருப்பி வையுங்கள். டேங்கைத் தட்டிக் குழியாக்கச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மார்ச் 2

பின்தள்ளிய ஃபுட்ரெஸ்ட் கிட் வாங்கலாமா என்று படம் அனுப்பியிருக்கிறீர்கள். அந்தக் கிட் வேறு வண்டிக்கானது. உங்கள் புல்லட்டில் கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். போதாததற்குக் கிக்கரும் வலப்பக்கம். வலது ஃபுட்ரெஸ்ட் மடங்காத வகையாக இருந்தால் கிக்கர் இறங்கி வந்து அதில் மோதும். மடங்கும் ஃபுட்ரெஸ்ட்தான் வேண்டும்.

கியருக்கு இணைப்புக் கம்பி போடும்போது கவனம். கியர் தண்டில் இருக்கும் புயமும் காலடியில் இருக்கும் புயமும் ஒரே பக்கம் நோக்கியிருந்தால் பழைய வரிசை மாறாது: ஒன்று மேலே, மூன்று கீழே. ஒன்றைத் தலைகீழாக்கினால் ஒன்று கீழே, மூன்று மேலே என்று இன்றைய வண்டிகளைப் போல ஆகும். எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டில் இன்னொருவரும் அந்த வண்டியை ஓட்டுவார் என்றால் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நான் கணபதி பட்டறையில் அந்தக் கம்பிக்கு இரண்டு முனையிலும் உருண்டை மூட்டு வைத்துத் தரச் சொன்னேன். வலது மரை ஒரு முனை, இடது மரை மறு முனை. கழற்றாமலே திருகி நீளத்தைச் சரிசெய்யலாம்.

மார்ச் 3

பிரேக்கைப் பற்றி யாருமே கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். குனிந்து உட்கார்ந்தால் உடல் எடை முன்னால் வருகிறது, வேகமாகப் போகவும் மனம் வருகிறது. நிறுத்துவதோ 160 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பை, டிரம் பிரேக்கில்.

முன் டிரம்மில் பிரேக் ஷூவைத் தள்ளும் கேம் இரண்டு உள்ள வகை என்றால், இரண்டையும் ஒரு குறுங்கம்பி இணைக்கும். அதன் நீளம் சரியில்லாவிட்டால் ஒரு ஷூ மட்டும் பிடிக்கும், மற்றது சும்மா இருக்கும். கம்பியைக் கழற்றுங்கள். சக்கரத்தைச் சுழற்றியபடி ஒவ்வொரு லீவரையும் கையால் அழுத்தி, ஷூ உரசத் தொடங்கும் இடத்தைக் குறியுங்கள். இரண்டும் அந்த இடத்தில் நிற்கும்போது கம்பி இழுக்காமல் தள்ளாமல் துளையில் விழ வேண்டும். அப்படிப் பூட்டிய அன்று என் வண்டி நின்ற விதம் வேறு. லீவரும் கேபிளும் பிரேக் பிடிக்கும் நிலையில் ஏறத்தாழ செங்கோணத்தில் இருக்கட்டும். ஷூ தேய்ந்து லீவர் அந்தக் கோணத்தைத் தாண்டிப் போய்விட்டால் எவ்வளவு இறுக்கினாலும் பலன் குறைவு.

இதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. சீட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் பிள்ளைகள் இதைப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

மார்ச் 17

பவுடர் கோட்டிங் கடைக்கு ஃபிரேமைக் கொடுக்கும் முன்: மரைத் துளைகள், ஸ்டீயரிங் தலையில் பேரிங் கிண்ணம் உட்காரும் இடம், எஞ்சின் போல்ட் போகும் தட்டுகள் எல்லாவற்றையும் அடைக்கச் சொல்லுங்கள். நான் எழுதிக் கொடுத்தும் ஒரு கடைக்காரர் அடைக்காமல் அடித்துக் கொடுத்தார். பெயர் வேண்டாம். பிறகு ஒவ்வொரு மரையையும் மரை வெட்டும் கருவி போட்டு மறுபடி வெட்டினேன், கிண்ணம் உட்காரும் இடத்தைச் சுரண்டினேன். மணல் வீச்சில் போன துகள் ஃபிரேம் குழாய்க்குள்ளிருந்து வெகுநாள் கொட்டிக்கொண்டிருந்தது. நீங்களே அடைத்துக் கொடுங்கள். பழைய போல்ட்டைத் திருகிவிட்டால் போதும். சேசிஸ் எண்ணின் மேல் கனமான பூச்சு விழாமல் பார்ப்பதும் முக்கியம்.

எதிரில் இருக்கும் டிங்கர் அண்ணன் ஸ்ப்ரே பெயின்டே நல்லது, அடிபட்டால் அந்த இடத்தை மட்டும் தொட்டுக்கொள்ளலாம் என்பார். யோசித்துப் பார்த்தால் வீட்டில் செய்யும் வண்டிக்கு அவர் சொல்வதுதான் பொருத்தம்.

ஏப்ரல் 6

சீட் மூடி. கண்ணாடியிழையில் வீட்டிலேயே செய்யலாம். தெர்மாகோலை அடுக்கி ஒட்டிச் செதுக்குங்கள். அதன் மேல் பழுப்பு நிற பேக்கிங் டேப்பைச் சுருக்கமில்லாமல் சுற்றி மெழுகு தடவுங்கள். டேப் விட்டுப்போன இடத்தில், பிறகு பூசும் ரெசின் என்ற பிசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும். கண்ணாடியிழைப் பாயைச் சிறு துண்டுகளாகக் கிழித்து வைத்து, தூரிகையால் ரெசினைக் குத்திக் குத்தி ஊற வையுங்கள். வெள்ளை நிறம் மறைந்து கண்ணாடி போலத் தெரிந்தால் காற்று வெளியேறிவிட்டது. மூன்று அடுக்கு போதும். கோடையில் கெட்டியாக்கும் திரவத்தைக் குறைவாகக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் கிண்ணத்திலேயே சூடாகி இறுகிவிடும். முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் உப்புத்தாள் தேய்க்காதீர்கள். அந்தத் தூள் தோலில் ஏறினால் இரவெல்லாம் அரிக்கும், நுரையீரலுக்கும் கேடு.

ஏப்ரல் 7

‘இவ்வளவு பாடுபடுவதற்கு ராயல் என்ஃபீல்டே கஃபே ரேசராக விற்கும் ஜிடி 650 வாங்கிவிடலாமே?’ என்று ஒரு கேள்வி. வாங்கலாம். 2018 முதல் விற்கிறது, நல்ல வண்டி. தாத்தாவின் வண்டி அதில் கிடைக்காது.

மே 19

தம்பி ஏஸ் பார் போட்டு நகருக்குள் ஓட்டிவிட்டு மணிக்கட்டு வலிக்கிறது என்று எழுதியிருக்கிறார். பிப்ரவரியில் ஹேண்டில் உயரத்தைப் பற்றி டேங்கை வைத்து மட்டும் பேசினேன், உடலை வைத்தும் பேச வேண்டும். இந்தக் குனிந்த நிலை வேகத்துக்காகப் பிறந்தது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது எதிர்க்காற்று மார்பைத் தாங்கும், கையில் பாரம் குறையும். அவிநாசி சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும்போது காற்று ஏது? எல்லாப் பாரமும் மணிக்கட்டில். லண்டன் பையன்கள் 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆசைப்பட்டுப் பூட்டிய ஹேண்டில் அது. நமது 18 குதிரைத்திறனுக்கும் நமது சாலைக்கும் அவ்வளவு தாழ்வு வேண்டாம்.

ஹேண்டில் போல்ட்டைத் தளர்த்திக் கைப்பிடி முனையை இரண்டு விரல் உயர்த்துங்கள். தொடையால் டேங்கை இறுக்கிப் பிடிக்கப் பழகுங்கள். சீட்டின் முன்பகுதி கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் நீங்கள் வழுக்கி வழுக்கிக் கைமேல் விழுவீர்கள். அதைச் சமதளமாக்கினாலே பாதி வலி போய்விடும்.

ஷாக் அப்சார்பரைக் குட்டையாக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். வேண்டாம். பின்பக்கம் தாழ்ந்தால் முன் ஃபோர்க் இன்னும் சாய்ந்து வண்டி திரும்ப மறுக்கும். அசல் உயரமே சரி.

ஜூன் 8

காற்று வடிகட்டியைத் திறந்த வகையாக மாற்றியிருக்கிறீர்கள், அதனால்தான் உயர் வேகத்தில் திணறுகிறது. கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பாருங்கள். நேரான சாலையில் நன்றாக ஓட்டி, அதே வேகத்தில் கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரம் கட்டிப் பிளக்கைக் கழற்றுங்கள். வெண்மையாக இருந்தால் இன்னும் பெட்ரோல் வேண்டும், வார்ப்பிரும்பு சிலிண்டர் அந்தச் சூட்டில் பிஸ்டனைக் கவ்வும். கரி படிந்திருந்தால் அதிகம். பிஸ்கட் நிறம் வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அசல் வடிகட்டிப் பெட்டியைத் திரும்பப் பூட்டினால் இந்த வேலையே இல்லை. கொட்டகையில் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்தானே? என் வண்டியில் அதுதான் இருக்கிறது. மழைக்காலத்தில் திறந்த வடிகட்டி தண்ணீரையும் குடிக்கும். எது வைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுப் பிளக்கின் படத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.